மூன்று சுற்றுத் தண்ணீர்

சிங்கப்பெருமாள் கோயில்,
31.8.2025

அன்புள்ள ஜெசிக்கு,

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம் வேண்டாம். ஜெபா அக்காவிடம் நிச்சயமாக வேண்டாம். பக்கத்தில் யாராவது இருந்தால் இப்போதே மடித்து வைத்துவிட்டு, அவர்கள் போனதும் படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வீட்டில் ஒரே போன், அது அப்பாவிடம் இருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீ பதில் எழுதினால் பின்னால் எழுதியிருக்கும் ஷபானாவின் வீட்டு முகவரிக்குப் போடு. அவள் என் வகுப்பு. எதுவும் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுப்பாள்.

அக்கா எப்படி இருக்கிறாள்? உங்கள் ஊர் ரிசார்ட்டில் தீப்பிடித்த விஷயமே அப்பாவுக்கு வந்த போனில்தான் எங்களுக்குத் தெரியும். சலவை அறையில் இருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது என்றார்கள். பெயரைக் கேட்டதும் அம்மா, "ஐயய்யோ, நம்ம ஜெசியோட அக்காங்க அது!" என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் அப்பா அங்கே போனார். கூரையில் ஓடும் சிவப்புக் குழாய்களைப் பார்த்துக்கொள்வதுதானே அவர் வேலை. தீயின் சூட்டில் குழாய் முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் உடைந்து, யாரும் தொடாமலே தண்ணீர் கொட்ட வேண்டும். அன்றைக்குக் குமிழ் உடைந்திருக்கிறது. தண்ணீர் கொட்டவில்லை. அப்பா ஒரு முழ நீளத்துக்குக் குழாயை அறுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். அம்மா, "இன்னாங்க இது?" என்று கேட்டாள். "ரிசார்ட்டு பைப்பு. யாரும் கை வைக்காதீங்க" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் நான் பார்த்தேன். உள்ளே துருவும் சேறும் கெட்டியாகி அடைத்திருந்தது. என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

ஜெசி, ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஏன் என்று கேட்காதே. மே மாதம் நான் அப்பாவுடன் அங்கே வந்தேனே, உங்கள் தெருவில் எல்லோரும் தண்ணீர் பிடித்தீர்களே, அன்றைக்கு எத்தனை குடம் பிடித்தீர்கள்? எவ்வளவு நேரம்? ஞாபகம் இருந்தால் எழுது. அது போதும்.

அக்காவுக்கு என் பெயரைச் சொல்லாதே.

உன்
சங்கரி


கடப்பாக்கம்,
5.9.2025

சங்கரிக்கு,

ஆண்டவர் எங்களை எப்படி வைத்திருக்கிறார் என்று நீ நேரில் வந்து பார்த்திருக்கலாம். அக்கா இருப்பது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில். எங்களுக்கு இரண்டு பஸ். உனக்கு ஒரே பஸ், அரை மணி நேரம். பத்தாவது வரைக்கும் ஒரே ஹாஸ்டலில் ஒரே போர்வையில் படுத்தவள் நீ. சரி, பரீட்சை இருக்கும். கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

எத்தனை குடம் என்று கேட்கிறாய். உனக்குப் பைத்தியமா? எண்ணியா பிடிப்பார்கள்? ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தோம். எங்கள் வீட்டில் மட்டும் பதினொன்று, இரண்டு டிரம். தண்ணீர் லாரி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு வேண்டா அக்கா அன்றைக்குக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்: "ரிசார்ட்டுக்காரன் குழாய் கழுவுறானாம், நம்ம தெருவே குளிச்சிக்கினு கீது. வருசத்துக்கு ஒரு தடவ கழுவுனா போதுமா, வாரா வாரம் கழுவச் சொல்லுங்கடி!" உன்னைக்கூட "அந்த வால்வுக்காரப் பொண்ணு நல்லாருக்கணும்" என்று அம்மா ஜெபத்தில் சேர்த்துக்கொண்டாள். இதெல்லாம் இப்போது எதற்கு உனக்கு?

ஜெபா அக்காவுக்கு முழங்கையிலிருந்து விரல்வரை கட்டு. கழுத்துக்குப் பின்னாலும். வலியைவிட அவள் பேசுவதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நடந்ததை மொத்தமாக அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள்.

இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வைத்துவிட்டு, சூப்பர்வைசர் கூப்பிட்டாரென்று போயிருக்கிறாள். அது அவள் தப்புதான், அவளே சொல்கிறாள். திரும்பி வந்தபோது துண்டு அடுக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம். ஒரு பக்கெட் தண்ணீரில் அணைத்திருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மேலேயிருந்து தண்ணீர் தானாக வரும் என்று. தலைக்கு மேலே டப்பென்று சத்தம் கேட்டது, குமிழ் உடைந்துவிட்டது. சரி, வந்துவிடும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே துண்டுகளை இழுத்துப் போட்டிருக்கிறாள். கறுப்பாக நாலு சொட்டு சேறு அவள் கன்னத்தில் விழுந்தது. அவ்வளவுதான். அவள் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் தீ அலமாரி முழுக்க ஏறிவிட்டது.

"நான் அதுங்கீழயே நின்னுகினு இருந்தேன்டி" என்கிறாள். திரும்பத் திரும்ப அதையே.

உன் அப்பாவிடம் கேட்டு எழுது, ஏன் தண்ணீர் வரவில்லை என்று. அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

ஜெசிந்தா

பின்குறிப்பு: கடிதத்தை எரிக்கவில்லை. காலாண்டுப் பரீட்சை வரலாற்று நோட்டுக்குள் இருக்கிறது. அந்த நோட்டை எங்கள் வீட்டில் நான்கூடத் திறப்பதில்லை.


சிங்கப்பெருமாள் கோயில்,
10.9.2025

ஜெசி,

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கடிதம் கிடைத்த அன்றே, டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். வார்டு வாசல்வரை வந்தேன். மூன்றாவது கட்டிலில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உன் அம்மா விசிறிக்கொண்டிருந்தார். நான் வாங்கி வந்த இரண்டு ஆரஞ்சுப் பழத்தை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்பதை இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். இதையும் யாருக்கும் காட்டாதே.

குழாய் கழுவுவது என்றால் என்னவென்று அன்றைக்குக் காலையில் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். வருடக் கணக்கில் குழாய்க்குள் தண்ணீர் நின்றே கிடக்கும். துரு உதிர்ந்து அடியில் படியும். அதனால் கடைசி வால்வில் ஹோஸ் மாட்டி, பம்பு போட்டு, முழு வேகத்தில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஹோஸ் முனையில் ஒரு வெள்ளைத் துணிப்பை கட்டுவார்கள். வருகிற துருவெல்லாம் அதில் தங்கும். பை சுத்தமாகும்வரை விட வேண்டும்.

நான் வந்ததே உன்னைப் பார்க்கத்தான். ஆனால் பம்பு ரூமில் இருக்க வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. அப்பா ஒருவரே இரண்டு இடத்தில் நிற்க முடியாது. "நீ இந்த வால்வுகிட்ட நில்லு கண்ணு. பதினாறு சுத்து தொறந்து வச்சிருக்கேன். தொடாத. பை கிழிஞ்சா மட்டும் கொரல் குடு" என்று சொல்லிவிட்டுப் பம்பு ரூமுக்குப் போனார்.

முதலில் மை மாதிரி தண்ணீர் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. கறுத்து வந்தது நின்று கிடந்த தண்ணீர் மட்டும்தான், இறுகிய துரு பெயர்ந்து வர இன்னும் நேரமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவ்வளவு தண்ணீரும் பின்பக்கப் பள்ளத்தில் ஓடி மணலில் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உங்கள் தெருவில் எல்லோரும் குடத்தோடு வந்தார்கள். ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது. குடம் வைத்தால் உருண்டு போனது. உன் அம்மாவுக்குக் காலில் அடிபட்டது. எல்லோரும் கத்தினார்கள், மெதுவா வுடு, மெதுவா வுடு என்று.

நான் சக்கரத்தைப் பிடித்து மூடினேன். பதிமூன்று சுற்று. எண்ணிக்கொண்டே மூடினேன், மறுபடி அதேபோலத் திறந்து வைக்க வேண்டுமே என்று. மீதி மூன்று சுற்றுத் தண்ணீர்தான் வந்தது. குடத்துக்கு அளவாக, அழகாக வந்தது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஒரு தெருவுக்கே நான் தண்ணீர் கொடுக்கிறேன் என்று.

நடுவில் அப்பா, தண்ணீரின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துவிட்டு, பம்பு ரூம் ஜன்னலிலிருந்து கத்திக் கேட்டார்: "சங்கரி! கேஜ் முள்ளு ஏறிக்கினே போவுது. வால்வு ஃபுல்லாதானே கீது?"

நான், "ஆமாப்பா" என்றேன்.

வரிசையில் இன்னும் பத்துக் குடம் இருந்தது.

அவர் பம்பை நிறுத்தும் சத்தம் கேட்டதும் பதிமூன்று சுற்றையும் திறந்து வைத்தேன். அப்பா வந்து பையை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு பிடி துருகூட இல்லை. "நம்ம சைட்லயே இந்த பில்டிங்கு பைப்புதான்டா தங்கம்" என்று சொல்லி, பையைப் பிடித்துக்கொண்டு என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். அந்தப் போட்டோ அவர் கம்பெனிக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் இருக்கிறது. பிடித்திருப்பது அவர் கை. எடுத்தது நான்.

நேற்று வேறு எதையோ கேட்பது போல அப்பாவிடம் கேட்டேன், "தண்ணி தெளிவா வந்தா உள்ள சுத்தம்னுதானப்பா அர்த்தம்?" என்று. அவர் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மெதுவா போற தண்ணி எப்பவும் தெளிவாதான்மா வரும். அடியில கெடக்குற துருவத் தொடாம மேலாப்புல போயிடும். வேகமா அடிச்சாதான் பேத்துக்கினு வரும்."

அக்காவின் கன்னத்தில் விழுந்த அந்தச் சேறு மே மாதமே அந்தப் பையில் வந்திருக்க வேண்டியது. நான்தான் அதை உள்ளேயே வைத்து மூடினேன். உன் அம்மா என்னை ஜெபத்தில் சேர்த்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். எடுத்துவிடச் சொல்.

சொன்னால் அப்பாவின் வேலை போகும். பள்ளிக்கூடத்துப் பெண்ணை வால்வில் நிறுத்தியதற்கே போகும். என்னைப் போலீஸ் பிடிக்குமா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது ஜெசி. சொல்லாமல் இருப்பதும் பயமாகத்தான் இருக்கிறது.

சங்கரி


கடப்பாக்கம்,
16.9.2025

சங்கரிக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இரண்டு முறை. வெளியே அம்மா, "இன்னாடி, உள்ளயே குடித்தனம் பண்றியா?" என்று கதவைத் தட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நாலு நாள் உனக்கு எழுதவில்லை. உன்னைத் திட்ட எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். ஏனென்று சொல்கிறேன். "எல்லோரும் கத்தினார்கள்" என்று எழுதியிருக்கிறாய். பொய். முதலில் கத்தியது நான். "ஏய் சங்கரி, கொடம் நிக்க மாட்டேங்குதுடி, கொஞ்சம் மெதுவா வுடுடி, எங்கம்மா கால ஒடைக்கிறதுக்கா வந்த?" என்று ஓடி வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கியது நான். மற்றவர்கள் அப்புறம்தான் கத்தினார்கள். அதை நீ மறந்திருக்க மாட்டாய். வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். என்னை ஏன் விட்டாய்? அதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம்.

அந்தத் தண்ணீரில்தான் அன்றைக்கு அக்காவின் யூனிபாரத்தைத் துவைத்தேன். அலசி அலசித் துவைத்தேன்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். ரிசார்ட்டிலிருந்து ஒரு சார் வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார். "ஜெபா, நீங்க கவலப்படாதீங்க, ஆஸ்பத்திரி செலவு நாங்க பாத்துக்கறோம், ஒரு கையெழுத்து மட்டும்" என்றார். ஒரு தாள் வைத்திருக்கிறார். அதில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போனது ஒன்று. தீ பரவியபோது சொல்லிக் கொடுத்தபடி நடந்துகொள்ளாதது இன்னொன்று. கைக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும், வருகிற திங்கட்கிழமை, 22ஆம் தேதி, கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் விஷயத்துக்கு அக்கா அழவில்லை. அது உண்மை என்கிறாள். இரண்டாவதைப் படித்ததிலிருந்து தூங்குவதே இல்லை. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா? அங்கே எங்கேயோ ஒரு சுவிட்சு இருந்திருக்கிறது, அதைப் போட்டால்தான் மேலேயிருந்து தண்ணீர் வரும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தான்தான் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்கிற நாளில் நடுராத்திரி என்னை எழுப்பி, "கதவுக்கு ரைட்டு சைடுல ஒரு செவப்பு பொட்டி இருந்திச்சி, அதுவா இருக்குமோடி? அத அமுக்கியிருக்கணுமோ?" என்று கேட்கிறாள். அது இல்லை என்று நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்ல முடியுமா?

உன்னைப் பேசச் சொல்லி நான் எழுத மாட்டேன். உன் வீட்டில் அடுப்பு எரிவது உன் அப்பாவின் சம்பளத்தில். பேசாதே என்றும் எழுத மாட்டேன். நான் சொல்ல எனக்கு என்ன தகுதி? நீ எழுதியதை நானும் யாரிடமும் சொல்லவில்லை, ஆக நானும் உன்னோடு சேர்ந்துதான் மறைக்கிறேன். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஊட்டிவிடும்போது உருண்டையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். சோறு சுடுகிறதோ என்று அவள் நினைத்துக்கொண்டு ஊதிச் சாப்பிடுகிறாள்.

திங்கட்கிழமைக்கு அப்புறம் எனக்கு எழுதாதே. அதற்கு முன்னால் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

ஜெசிந்தா


சிங்கப்பெருமாள் கோயில்,
21.9.2025, ஞாயிறு இரவு

ஜெசி,

இது தபாலில் போகாது. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். ஒருவேளை அக்காவைப் பார்த்ததும் வாய் வராமல் போனால் கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ இதை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

அக்கா, சுவிட்சு எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை. கதவுக்கு வலது பக்கம் இருக்கும் சிவப்புப் பெட்டி ஆட்களைக் கூப்பிடும் மணிக்கு. அதை அமுக்கினாலும் தண்ணீர் வந்திருக்காது. நீங்கள் எதையும் மறக்கவில்லை. நீங்கள் செய்திருக்க வேண்டியது எதுவுமே அங்கே இல்லை. குமிழ் உடைந்ததும் தண்ணீர் வர வேண்டும், நீங்கள் நம்பியது சரி. மே மாதம் அந்தக் குழாயைக் கழுவியபோது வால்வைப் பதிமூன்று சுற்று மூடியது நான், உலகநாதனின் மகள் சங்கரி. அதனால் துரு உள்ளேயே தங்கிவிட்டது. அப்பா கேட்டபோது முழுதாகத் திறந்திருக்கிறது என்று பொய் சொன்னதும் நான். அந்தத் தாளில் இரண்டாவதாக எழுதியிருப்பதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இதை அந்த சாரிடம் நானே சொல்கிறேன். தனியாக ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜெசி, அந்தத் தாளிலும் நீ இல்லை. திட்டாதே. நீ தண்ணீர் கேட்டாய். தண்ணீர் கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது? சக்கரத்தில் இருந்தது என் கை. ஆமாப்பா என்றது என் வாய்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதுதான் இப்போது பாக்கி. வெள்ளிக்கிழமை அவரைக் கம்பெனியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வால்வுகிட்ட யார் நின்றது என்று கேட்டதற்கு, "நான்தான் சார், நானே நின்னேன்" என்று சொல்லிவிட்டாராம். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் பம்பு ரூமில் யார் என்று அவர்கள் அடுத்து கேட்பார்கள், இல்லையா? அம்மாவும் அதையேதான் கேட்டாள். அப்பா, "ரிப்போர்ட்டுல கேஜ் அளவு நானே எழுதியிருக்கேன் கல்யாணி. ஏழு. ஃபுல்லா தொறந்திருந்தா அஞ்சுக்கு மேல போவாது. அன்னைக்கே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, வால்வைக் குறைத்திருந்தால்தான் முள் ஏழுக்கு ஏறும். அவருக்குத் தெரிந்துவிட்டது ஜெசி. மூன்று நாளாகத் தெரியும். நேற்றுக் காலை எனக்குத் தலை பின்ன ரிப்பன் கிடைக்காமல் தேடியபோது, அவரே எடுத்துக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் அப்போதே சொல்லியிருப்பேன். எனக்காகப் பொய் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கிறார், நானும் ஒன்றும் தெரியாதது போல அவர் போட்ட பொய்யில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குத் தெரியாமல் காலையில் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சரியில்லை. வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. வேலை போகும். அம்மா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று தெரியவில்லை. ஆனால் அக்கா ராத்திரியெல்லாம் ஒரு சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் எப்படி

ஹாலில் விளக்குப் போடுகிறார்கள். அப்பாவின் காலடிச் சத்தம் போல இருக்கிறது. இத்தனை நாளும் இந்தச் சத்தம் கேட்டால் தாளை இயற்பியல் ரெக்கார்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்குவது போலப் படுத்துவிடுவேன்.

கதவைத் தட்டுகிறார். "சங்கரி, தூங்கலியாம்மா?" என்கிறார். திட்டுகிற குரல் இல்லை. நான் தாளை மறைக்கவில்லை ஜெசி, கையில்தான் வைத்திருக்கிறேன், இதோ எழுந்து போய்க் கதவை